கறை படாத துணிமூட்டை

யோனி என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள் நர்ஸ் வேலைக்கு வர வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு புதுப் பெண் கேஸ் சீட்டில் ‘அந்த இடத்தில் வலி’ என்று எழுதி வைத்திருந்தாள். எந்த இடம்? முழங்கையா? நான் கத்தியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. அவள் அழுதாள். அழட்டும். நர்ஸே கூச்சப்பட்டால் நோயாளி எப்படி வாயைத் திறப்பாள்?

புதிதாக வந்த நர்ஸுகள் நீங்களெல்லாம் இப்போது பெரிய ஊர்களில், ஏசி போட்ட ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறீர்கள். பிறவியிலேயே யோனிப் பாதை இல்லாத பெண்களுக்கு அதை அமைக்கும் அறுவை இன்று பல விதமாக நடக்கிறது. திருநங்கைகளும் வருகிறார்கள், அவர்களுக்குச் செய்கிற முறை வேறு. முறைகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசையில் படுக்கப்போகிறவளுக்கு அதற்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை யார் சொல்ல வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அறுபதுகளில் ஒரு ஆடி மாதம், செஞ்சியில், மெட்ராஸ் பஸ் கிளம்பப்போகிற அவசரத்தில் நடந்தது அது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சூடாகிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் பயிற்சி எடுத்தது மெட்ராஸில் ஒரு பெரிய பெண்கள் ஆஸ்பத்திரியில். அங்கே இந்த அறுவை நடந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் பார்த்துப் பார்த்து இடம் பிரித்து, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து, அதை ஒரு கட்டையின் மேல் சுற்றி உள்ளே வைத்தார்கள். மோல்டு என்போம் அந்தக் கட்டையை. தோல் பிடித்துக்கொண்டது. பெரிய டாக்டர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் ஊருக்குப் போனாள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பாதை சுருங்கி மூடியிருந்தது. மோல்டு எங்கே என்று கேட்டோம். மாமியார் பார்த்துவிட்டு அருவருப்புப்பட்டுக் குப்பையில் போட்டுவிட்டாளாம். “புண்ணு ஆறத்தான் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஆறிடுச்சேன்னு விட்டுட்டேன்” என்றாள். அதை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டர் நர்ஸ் சொல்லியிருப்பாள் என்று இருந்தார். நர்ஸ் டாக்டர் சொல்லியிருப்பார் என்று இருந்தாள். காபி மட்டும் எல்லோரும் குடித்தோம்.

அந்தக் கோபத்தோடுதான் நான் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன்.

பச்சையம்மாள் செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள வல்லத்துப் பெண். மல்லாட்டை பயிர் வைக்கிற குடும்பம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். அவளுக்குத் தை மாதம் தாய்மாமன் மகன் ஏழுமலையோடு கல்யாணம் ஆகியிருந்தது. அவன் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணத்துக்குப் பிறகும் புருஷன் பெண்டாட்டி சேர முடியவில்லை. அவள் அம்மா, புருஷன் வீட்டுக்குத் தெரியாமல், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். எங்கள் டாக்டர் மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே மயக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டருக்குத் தகவல் சொன்னார்கள்: யோனிப் பாதை இல்லை, கர்ப்பப்பையும் இல்லை, சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன. பாதை அமைக்கலாம். ஆடி மாதத்தில் ஒரு நாள் குறிப்பிட்டு, அன்றைக்குப் படுக்கை ஒதுக்குவதாகவும் சொன்னார்கள்.

ஆடி என்றதும் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவதுதானே வழக்கம். ஒரு மாதம் புருஷன் கண்ணில் படாமல் இருக்கலாம். அதற்குள் மெட்ராஸ் போய் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்து, ஆவணியில் ஒன்றும் நடக்காததுபோலப் புகுந்த வீட்டில் விட்டுவிடலாம். அவள் போட்ட கணக்கு அது.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் பெண், அம்மா, அப்பா மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்பா வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்திலேயே நின்றுகொண்டார். பெண்ணுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, தொடையில் சொறி சிரங்கு இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. தொடைத் தோலைத்தானே எடுக்கப்போகிறார்கள். பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்புறம் பெட்டியில் என்னென்ன எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். தகரப் பெட்டி. இரண்டு புடவை, சோப்பு, ஒரு சொம்பு. அடியில் ஒரு மூட்டை. பழைய வேட்டியும் புடவையும் கிழித்து, துவைத்து, மடித்து வைத்த துணிகள். பெண்கள் தூரமாகும்போது வைத்துக்கொள்கிற துணி. எத்தனையோ முறை துவைத்து நைந்துபோன துணி. ஆனால் அதில் ஒரு கறை இல்லை. எவ்வளவு துவைத்தாலும் மஞ்சளாக ஒரு தடம் இருக்குமே, அதுகூட இல்லை.

“இது இன்னாத்துக்கு?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“ரத்தம் வந்தா வேணாமா நர்சம்மா? திரும்பி வர்ற பஸ்ஸுலியே வந்துட்டா மானம் போயிடுமே. அதான் கேக்கணும்னு இருந்தன். ஆபரேஷன் ஆன அன்னிக்கே வருமா, இல்ல ஊருக்கு வந்து வருமா?”

மூட்டையைக் கீழே வைத்தேன்.

“ரத்தம் வரும்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கடத்தெருவுல செட்டியார் பொண்ணுக்கு வரலியா? இதே ஆஸ்பத்திரியிலதான கீறி உட்டாங்க? குடம் கொட்ன மாதிரி வந்துச்சாமே. இப்ப அது மாசமா கீது.”

செட்டியார் பெண்ணுக்கு இருந்தது வேறு. அவளுக்குக் கர்ப்பப்பை இருந்தது, பாதை இருந்தது. வாசலில் ஒரு சவ்வு மூடியிருந்தது. உள்ளே மாதாமாதம் ரத்தம் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள். சவ்வைக் கீறியதும் சரியாகிவிட்டது. பச்சையம்மாளுக்கு வலியே வந்ததில்லை. வர அங்கே ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்று என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். வெளி நோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. ஆடிக்காற்றில் கண்ணில் மண் விழுந்த பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

“சார், அந்தப் பொண்ணுக்குக் குழந்தை பொறக்காதுன்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?”

“மெதுவா பேசு. அவங்க அப்பாகிட்ட சொன்னேன்.”

“என்னன்னு?”

“ஆபரேஷன் பண்ணலாம், கல்யாண வாழ்க்கைக்குத் தடை இருக்காதுன்னு.”

“கர்ப்பப்பை?”

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்த மனுஷன் தலை நிமிரவே இல்ல. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். எப்படிச் சொல்றது?”

புரிகிறதா உங்களுக்கு? ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள், சைக்கிளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டு பேசி முடித்திருக்கிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

“நான் போய்ச் சொல்றேன் சார்.”

“நில்லு. பஸ்ஸுக்கு அரை மணிகூட இல்ல. இப்ப சொன்னா அவங்க அம்மா பெட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவா. படுக்கை போச்சுன்னா திரும்ப எப்ப கிடைக்கும்னு எனக்குத் தெரியாது. இங்க கிணத்துலேருந்து எடுத்துக்கிட்டு வர்ற பொண்ணுங்களை நீயும் பாக்கற, நானும் பாக்கறேன். குழந்தைதான் இல்ல, புருஷன்கூட வாழவாவது ஒரு வழி இருக்கட்டும். போகட்டும். மத்தத மெட்ராஸ்ல சொல்லிக்குவாங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் தயங்கினேன். முழுப்பொய்யாக இருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். வேலைக்கு வந்த புதிதில் உங்களுக்கும் இப்படி ஒரு பாதி உண்மை வந்து முன்னால் நிற்கும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அறுவைக்குப் பிறகு வேலை யாருக்கு? டாக்டருக்கு அன்றோடு முடிந்தது. வலியைத் தாங்குவது, அசையாமல் படுத்திருப்பது, மோல்டை மாதக்கணக்கில் வைத்துக் கழுவிக் காப்பது, எல்லாம் அவளுக்கு. ரத்தம் வரும் என்று காத்திருந்து, வராமல் போய், ஏமாந்துவிட்டோம் என்று வெறுத்து அவள் மோல்டைத் தூக்கி எறிந்தால் எல்லாம் மூடிக்கொள்ளும். பொய்யின் மேல் இந்த அறுவை நிற்காது. அதைத்தான் டாக்டரிடம் சொன்னேன்.

“மெட்ராஸ்ல எவரும் சொல்ல மாட்டாங்க சார். நான் அங்கதான் இருந்தேன்.”

அவர் வெளியே வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லு. அவகிட்ட மட்டும்.”

கட்டு கட்டுகிற அறையில் பச்சையம்மாளை உட்கார வைத்தேன். அம்மாவை டீ வாங்கி வர அனுப்பினேன். நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

“பச்ச, கேட்டுக்க. உனக்குப் பொறக்கும்போதே கர்ப்பப்பை இல்ல. ஆபரேஷன் பண்ணாலும் தூரம் வராது. கொழந்த வராது. எப்பவும்.”

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் பஸ் இல்லை, அது திருவண்ணாமலை பஸ்.

“எப்பவுமா?” என்றாள்.

“எப்பவும்.”

“அப்ப இனிமே ஒக்கார வேணாமா?”

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். வயது ஏறியும் பெரிய மனுஷி ஆகவில்லை என்று ஊர் கேட்க ஆரம்பித்ததும் அம்மா ஒரு நாள் பந்தல் போட்டு மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டாள். மாமன் சீர் கொண்டு வந்தார். அன்றிலிருந்து மாதாமாதம் மூன்று நாள் மாட்டுக்கொட்டகை ஓரமாக அவளை ஒதுக்கி உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டுமே. அந்தத் துணிகளைச் சும்மா நனைத்து, வேலியில் தெரிகிற மாதிரி காயப் போட்டாள். கல்யாணமாகிப் போன பிறகு மாமியார் வீட்டிலும் அதே நாடகம்.

“மாசாமாசம் மூணு நாளு சும்மா ஒக்காந்தன் நர்சக்கா. மழயில, பனியில. கொசு புடுங்கும். எதுக்குன்னு தெரியாம ஒக்காந்தன்” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. நான் அழ விட்டேன். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, தடவிக் கொடுக்கவில்லை. சிலருக்கு அது வேண்டாம். பஸ் நேரம் மட்டும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் கேள்வி கேட்டாள். என் வேலைக்காலம் முழுக்க அந்த மாதிரிக் கேள்வி எந்தப் படித்த ஆளும் கேட்டதில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தன் உடம்பு அறுபடப்போகிறது என்று தெரிந்த யாரும் கேட்கிற கேள்விதான். கேட்க இடம் கொடுத்தால் போதும்.

“நான் பொண்ணுதானா?”

“பொண்ணுதான். மாரு வளரலியா? சினைப்பை இருக்குது. அதுல ஒரு கொறையும் இல்ல.”

“பண்ணிக்கலன்னா செத்துடுவனா?”

“மாட்ட. நூறு வயசு வரைக்கும் இருப்ப. இது உயிருக்குப் பண்ற ஆபரேஷன் இல்ல. நீ ஒருத்தன்கூடப் படுக்கணும்னு ஆசப்பட்டா அதுக்குப் பண்றது. உனக்கு வேணும்னா பண்ணிக்க. உங்கம்மாவுக்காகப் பண்ணிக்காத.”

“எம்மா நாளு வலிக்கும்?”

“கீழ இருக்கறதவிட தொடையிலதான் எரியும். ஒரு வாரத்துக்கு மேல அசையாம படுக்கணும். மூத்திரத்துக்குக் குழாய் போட்டுடுவாங்க. தப்பித் தவறி மூத்திரப்பையிலயோ குடல்லயோ ஓட்ட உழுந்துட்டா இன்னொரு ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். வரணும்னு இல்ல, வரலாம். அப்புறம் மோல்டு.” கட்டை எப்படி இருக்கும் என்று கையால் காட்டினேன். “அத உள்ள வச்சி, துணியால இடுப்போட கட்டி, ராத்திரி பகலா மாசக்கணக்குல இருக்கணும். எடுத்துக் கழுவி உடனே திரும்ப வைக்கணும். நீயேதான் வைக்கணும். அப்புறமும் ராத்திரியில கொஞ்ச நாளு. உட்டா மூடிக்கும்.”

“அப்ப ஆவணிக்கு மாமன் ஊட்டுக்குப் போவ முடியாதா?”

“தை பொறக்கட்டும். பாக்கலாம்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப மாமங்கிட்ட மறைக்க முடியாது” என்றாள். புருஷனைத்தான் மாமன் என்றாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அது அவள் வீடு. யாரிடம் சொல்வது என்பதை நோயாளிக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது நம் வேலை இல்லை.

அம்மா டீயோடு வந்தாள். பச்சையம்மாளே சொன்னாள். டீ டம்ளர் தரையில் உருண்டது.

“எவ சொன்னா? இவளா? நீ யாருடி எம்பொண்ண மலடின்னு சொல்ல? நீ மெட்ராஸ்ல பாதி படிச்சிட்டு வந்தவ!” என்று என்மேல் பாய்ந்தாள். அவள் வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. நானும் சும்மா இருக்கவில்லை, அதையும் எழுத முடியாது. டாக்டர் வந்து நடுவில் நின்றார். “நர்ஸ் சொன்னது சரிதாம்மா. நான் சொல்லியிருக்கணும்” என்றார். தலையை நிமிர்த்திச் சொன்னார். அம்மா அப்போதுதான் என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப வா, ஊட்டுக்குப் போலாம். மெட்ராஸும் வேணாம் மயிரும் வேணாம். எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பன்?”

“நான் போவப்போறன்” என்றாள் பச்சையம்மாள். “எனக்கு வேணும். ஆனா இன்னிக்கு இல்ல. மாமங்கிட்ட சொல்லிட்டுப் போறன்.”

“சொன்னா அத்தோட முடிஞ்சிது!”

“முடிஞ்சா முடியட்டும். நீ இனிமே என்னக் கொட்டாயில ஒக்கார வைக்க முடியாது.”

மெட்ராஸ் பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மெட்ராஸில் ஒதுக்கிய படுக்கை? டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு நடந்தார். அந்தக் காலத்தில் மெட்ராஸுக்குப் பேச வேண்டுமென்றால் அங்கே போய் டிரங்க் கால் போட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். ஸ்டாம்ப் வாங்க வந்தவன்வரை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் நோயின் பெயரைச் சொல்லவே இல்லை. “பேஷண்ட் நாளைக்கு வரும்! நாளைக்கு! படுக்கையைக் கொடுத்துடாதீங்க!” என்று மட்டும் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார். ஒரு நாள் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாள். காலையில் சொல்ல முடியாத மனுஷன் மத்தியானம் ஊரைக் கூட்டிக் கத்தினார். ஆளைப் பாதியில் எடைபோடாதீர்கள்.

பச்சையம்மாள் என்னையும் கூட வரச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் போனேன். ஆடிப்பட்டம் விதைக்கிற சமயம், மண்டியில் விதை மல்லாட்டை வாங்க வந்த வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஏழுமலை மூட்டையோடு வந்தான். ஓங்குதாங்கான ஆள். கூட வேலை பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“டேய் ஏழுமல, ஆடியில பொண்டாட்டியப் பாக்கக் கூடாதுடா! கண்ண மூடிக்க!”

“அதுவே தேடிக்கினு வந்துடுச்சி பார்ரா! ஒரு மாசம் தாங்காதாமா!”

அவன் சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, பச்சையம்மாள் நின்ற மூட்டை அடுக்குக்குப் பின்னால் வந்தான். நான் இந்தப் பக்கம் யாரும் வராமல் நின்றுகொண்டேன். எல்லாம் கேட்டது.

“மாமா, ஒண்ணு சொல்லணும். முழுசாக் கேட்டுட்டு அப்புறமாக் கத்து.”

“இன்னா, யாரனா செத்துட்டாங்களா?”

“இல்ல. எனக்குப் பொறக்கும்போதே உள்ள வழி இல்ல. கர்ப்பப்பையும் இல்ல. தூரமே வந்ததில்ல. மஞ்சத்தண்ணி ஊத்துனது பொய்யி. உங்க ஊட்டுல நான் ஒக்காந்தது பொய்யி. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணா நாம சேரலாம். ஆனா கொழந்த பொறக்காது.”

பிறகு அவன் குரல் வந்தது, ரொம்பச் சின்னதாக.

“அப்ப... தப்பு எம்மேல இல்லியா?”

“உம்மேல இன்னாத்துக்குத் தப்பு?”

“அடிப்பாவி!” மண்டியே அதிர்ந்தது. “தையிலேருந்து நான் லேகியம் தின்னுக்கினு கெடக்கறன்டி! வைத்தியரு நரம்பு செத்துப்போச்சின்னான்! கசப்புன்னா கசப்பு, நாக்கு மரத்துப் போச்சி! இவனுங்க வேற தெனமும் இன்னாடா விசேஷம் இன்னாடா விசேஷம்னு. தூக்கு மாட்டிக்கலாமான்னு இருந்தன்! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?”

“எனக்கே இன்னிக்குத்தான் மாமா சொன்னாங்க!”

நான் மூட்டைமேல் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அடக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. பாருங்கள், ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மூலையில், தன்னைத்தான் குறை என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒழுங்காக வாயைத் திறந்திருந்தால் போதும்.

ஆனால் அவன் கோபம் அதோடு அடங்கவில்லை. “கொழந்தையே இல்லியா?” என்று ஒரு தடவை கேட்டான். அவள் இல்லை என்றாள். “எங்கப்பனுக்கு இன்னா சொல்லுவன்? அத்த எங்கள ஏமாத்திட்டா” என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் தலைத்துண்டை உதறிக்கொண்டு என்னைத் தாண்டி வண்டிகளுக்கு நடுவில் புகுந்து போய்விட்டான்.

“இப்ப இன்னா பண்ணப்போற?” என்று கேட்டேன்.

“நாளைக்கி பஸ்ஸுக்குப் போறன்” என்றாள். “அவன் வந்தாலும் வராட்டியும். நானே எனக்குன்னு கேட்டது இது ஒண்ணுதான்.”

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். வேலை நேரம்தான், டாக்டர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ராஜகிரி மலைக்கோட்டைப் பக்கமிருந்து காற்று மண்ணை வாரி இறைத்தது. பச்சையம்மாளும் அப்பாவும் தகரப் பெட்டியோடு நின்றார்கள். அம்மா வரவில்லை. அப்பா என்னிடம் வந்து, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, “குட்டிக்கு உசுருக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று கேட்டார். எந்த அறுவையிலும் ஆபத்து உண்டு, ஆனால் கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதப்போகிற நேரத்தில் கடைத்தெருப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். ஏழுமலை. நேராக என்னிடம் வந்து ஒரு பீங்கான் ஜாடியை என் கையில் திணித்தான்.

“இத நீயே வச்சிக்க நர்சக்கா.”

“இன்னா இது?”

“லேகியம்.”

“கொழந்த பொறக்காது ஏழுமல. அதுல மாத்தம் இல்ல. தெரிஞ்சிதான் ஏர்றியா?”

“அவதான் சொல்லிட்டாளே. அத எத்தினி வாட்டி கேப்பாங்க?” என்றான். “எங்கப்பன் வெட்டிடுவன்னு அருவாள எடுத்துக்கினு நிக்கறாரு. அவருக்கு மெட்ராஸ் வழி தெரியாது.” படிக்கட்டில் தொற்றிக்கொண்டான். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காராமல் மாமனாரோடு பின் சீட்டில் உட்கார்ந்தான். ஆடியாயிற்றே!

பஸ் நகர்ந்தபோது எதிரே அம்மா வந்தாள். மூச்சிரைக்க, கொண்டை அவிழ்ந்து. கையில் அந்தத் துணிமூட்டை. முந்தின நாள் கோபத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வீசியிருந்தாள். “நிறுத்துய்யா!” என்று பஸ்ஸின் முன்னால் போய் நின்றுவிட்டாள். டிரைவர் திட்டினான். அவள் ஜன்னல் வழியாக மூட்டையை மகள் மடியில் போட்டாள்.

“அந்தக் கட்டய கட்டிக்கத் துணி வேணும்னு நர்சு சொன்னான்னு ராத்திரி சொன்னியே. நைஞ்ச துணி, உறுத்தாது. எடுத்துக்கினு போ.”

அறுவை நன்றாக முடிந்தது. தொடைப் புண் எரிகிறது என்று அவள் டாக்டர்களைத் திட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவள் தை வரைக்கும் தாய்வீட்டில் இருந்தாள். மாதம் ஒருமுறை என்னிடம் வந்து காட்டினாள். மோல்டை ஒரு நாள்கூட விடவில்லை. ஏன் வைக்கிறோம் என்று தெரிந்தவள் விடமாட்டாள். அம்மாதான் அந்தத் துணிகளைத் துவைத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். அவள் மாமனார், ஏழுமலையின் அப்பா, பல மாதம் பேசவில்லை. இன்னொரு கல்யாணம் செய் என்று மகனை நச்சரித்தார். அவன் முடியாது என்றான். குழந்தைப் பேச்சு அந்த வீட்டில் அப்புறமும் வந்தது, சண்டையும் வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அறுவை ஒரு பாதையைத்தான் போடும். குடும்பத்தைச் சரி செய்யாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புகுந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்துப் பச்சையம்மாள் என்னைப் பார்க்க வந்தாள். வெளி நோயாளிகள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னாடி, எல்லாம் சரியா இருக்குதா?”

“அது இருக்கட்டும் நர்சக்கா. நேத்து அத்த கேட்டுச்சி, இன்னாடி இந்த மாசம் இன்னும் ஒக்காரலியான்னு. எல்லாம் தெரிஞ்சிக்கினே, பக்கத்து ஊட்டுக்காரி நிக்கறாளேன்னு கேக்குது.”

“நீ இன்னா சொன்ன?”

“எனக்கு அது கெடயாது அத்த, அடுப்பப் பத்தவைக்கட்டுமான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டன்.”